நோபல் பரிசைப் பட்டினிக்குச் சாட்சியாக இழுக்காதீர்கள்

இரண்டு நாள் பட்டினி கிடந்தால் உடம்பு தன் புற்றுநோயைத் தானே தின்று தீர்த்துவிடும் என்றும், அதைக் கண்டுபிடித்ததற்காகத்தான் ஜப்பானிய விஞ்ஞானி ஒருவருக்கு நோபல் பரிசு கிடைத்தது என்றும் தமிழில் பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வருகிறது. வட்ஸ்அப்பில் குரல்பதிவாக வருகிறது. யூடியூப்பில் காணொளியாக வருகிறது. பத்திரிகைகளின் ஆரோக்கியப் பக்கங்களிலும் எழுதியவர் பெயர் இல்லாமல் வருகிறது. ஊவாத் தேயிலைத் தோட்டங்களில், பூணாகலையிலும் நாயபெத்தையிலும் நமுனுகுலையிலும் லயத்துக்கு லயம் கைபேசி இருக்கிறது. நெஞ்சில் கட்டி இருப்பதை இன்னும் வீட்டாரிடம்கூடச் சொல்லாத பெண்ணின் கைக்கும், வாயில் ஆறாத புண்ணோடு மலையேறும் கவ்வாத்துக்காரரின் கைக்கும் இந்தச் செய்தி போய்ச் சேருகிறது.

இது பொய். இதை எழுதியவர்களும் பேசியவர்களும் அச்சிட்டவர்களும் திருத்தம் வெளியிட வேண்டும். எங்கே சொன்னார்களோ அங்கேயே, எந்த எழுத்தளவில் சொன்னார்களோ அதே எழுத்தளவில் வெளியிட வேண்டும். விஞ்ஞானத்தின் பெயரால் சொல்லப்பட்ட பொய் என்பதால் விஞ்ஞானத்தைக் கொண்டே அதை மறுக்க வேண்டியிருக்கிறது. வாசகர்கள் சற்றுப் பொறுமையோடு வாசிக்க வேண்டும்.

யொஷினோரி ஓசுமி 2016-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்றது உண்மை. ஆனால் அவர் பட்டினி போட்டது மனிதரை அல்ல, மதுவத்தை. பாண் மாவைப் பொங்க வைக்கும் அதே ஒற்றைக் கல உயிர்தான். போசணை இல்லாத திரவத்தில் விடப்பட்ட மதுவக் கலம், தன் உள்ளிருக்கும் சரக்கைச் சவ்வுப் பைகளில் சுற்றிக் கட்டி, கரைப்பதற்காகப் புன்வெற்றிடத்துக்குள் தள்ளுவதை அவர் நுணுக்குக்காட்டியில் பார்த்து 1992-இல் எழுதினார். அடுத்த ஆண்டே, அந்த வேலையைச் செய்ய முடியாதபடி மரபணு பழுதுபட்ட 15 மதுவ வகைகளை அவரது ஆய்வுகூடம் பிரித்தெடுத்துக் காட்டியது. ஆட்டோபேஜி என்ற பெயரை அதற்கு வெகு முன்பே, 1963-இல், பெல்ஜிய நாட்டு விஞ்ஞானி கிறிஸ்டியன் டி டூவ் வைத்துவிட்டார். நாம் இங்கே அதைத் தன்னுண்ணல் என்று எழுதுகிறோம். பரிசு வழங்கப்பட்டது அந்தச் செயல் எப்படி நடக்கிறது என்று கண்டறிந்ததற்கு. ஓசுமியின் அந்த ஆய்வுகளில் ஒரு புற்றுநோயாளிகூட இல்லை.

தன்னுண்ணலையும் புற்றுநோயையும் முதலில் இணைத்துக் காட்டியது ஒரு புரதம். அதன் பெயர் பெக்லின்-1. அமெரிக்காவில் பெத் லெவீன் என்ற வைத்திய ஆராய்ச்சியாளர், கலம் சாவதைத் தடுக்கும் பிசிஎல்-2 என்ற புரதம் வேறு எவற்றோடு ஒட்டிக்கொள்கிறது என்று தேடியபோது அகப்பட்டது அது. தேடிப் பார்த்தால், ஓசுமியின் மதுவத்தில் தன்னுண்ணலுக்கு வேண்டியிருந்த ஒரு புரதத்தின் மனித வடிவமாகவே அது இருந்தது. உணவு தாராளமாக இருக்கும்போது பிசிஎல்-2 அதைப் பிடித்து வைத்திருக்கும். கலத்துக்கு உணவு குறைந்தால் பிடி தளரும், பெக்லின் விடுபடும், சவ்வுப் பை கட்டும் வேலை தொடங்கும்.

1999-இல் நேச்சர் ஆய்விதழில் லெவீனின் குழு வெளியிட்ட முடிவு பலரை நிமிர்ந்து உட்கார வைத்தது. எம்சிஎஃப்-7 எனப்படும் மார்புப் புற்றுநோய்க் கலங்களில் பெக்லின்-1 மிகக் குறைவாக இருந்தது. அதை அக்கலங்களுக்குள் மறுபடி ஏற்றியபோது தன்னுண்ணல் கூடியது, கலங்களின் பெருக்கம் குறைந்தது, எலிகளில் அவை கட்டியாகும் ஆற்றலும் தளர்ந்தது. 2003-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே இன்னொன்றைக் காட்டின. பெக்லின் மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்றை இழந்து பிறந்த எலிகளுக்கு நிணநீர், நுரையீரல், ஈரல் புற்றுநோய்கள் வழக்கத்தைவிட அதிகமாக வந்தன. தன்னுண்ணல் ஒழுங்காக நடக்கும் கலத்தில் பழுதான புரதங்களும் கெட்டுப்போன இழைமணிகளும் தேங்குவதில்லை. அதனால் அந்தக் கலம் புற்றுக் கலமாகத் திரும்பும் வாய்ப்புக் குறைகிறது. இதுவரை சொன்னது சரியான விஞ்ஞானம்.

பட்டினிப் பிரசாரகர்கள் புத்தகத்தை மூடும் பக்கம் இதுதான். அடுத்த பக்கத்தை அவர்கள் புரட்டவே இல்லை. புரட்டியிருந்தும் மறைத்தார்கள் என்றால் குற்றம் இன்னும் பெரிது.

அடுத்த பக்கத்தில் இருப்பது இது. கட்டி வளரும்போது அதன் நடுவில் இருக்கும் கலங்களுக்கு இரத்தக் குழாய் எட்டுவதில்லை. ஒட்சிசனும் கிடைக்காது, குளுக்கோசும் கிடைக்காது. சாக வேண்டிய அந்தக் கலங்கள் சாகாமல் நிற்பது எப்படி? தன்னுண்ணலால். அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் எலீன் வைட்டின் குழு இதை 2006-இல் காட்டியது. 2011-இல் வந்த ஆய்வுகள் இன்னும் ஒரு படி மேலே போயின. ராஸ் என்ற மரபணு பழுதுபட்டு வரும் புற்றுநோய்கள், முக்கியமாகக் கணையப் புற்றுநோய், தன்னுண்ணலை நிறுத்தினால் தாக்குப்பிடிக்க முடியாத அளவுக்கு அதையே நம்பி வாழ்கின்றன என்று தெரிந்தது. கவ்வாத்து வெட்டினால் வெட்டிய செடிதான் துளிர்க்கும். அது நல்ல கன்றா, காட்டுச் செடியா என்று கத்திக்குத் தெரியாது. தன்னுண்ணலும் அப்படியே. நல்ல கலத்தில் நடந்தால் நல்ல கலம் பிழைக்கும், புற்றுக் கலத்தில் நடந்தால் புற்றுக் கலம் பிழைக்கும். நல்ல கலம் வேலி தாண்டிப் போய்ப் பக்கத்துப் புற்றுக் கலத்தைத் தின்பது என்பது தன்னுண்ணலில் இல்லவே இல்லை. ஒவ்வொரு கலமும் தன் உள்ளிருப்பதை மட்டுமே உண்கிறது. குரல்பதிவில் பேசுகிறவருக்கு இந்த அரிச்சுவடிகூடத் தெரியவில்லை, அல்லது தெரிந்தே மாற்றிச் சொல்கிறார்.

நம் ஊருக்கு நன்கு பழக்கமான குளோரோகுவினை எடுத்துக்கொள்வோம். வெல்லவாயாப் பக்கம் மலேரியா இருந்த காலத்தில் எத்தனையோ குடும்பங்கள் விழுங்கிய அதே கசப்புக் குளிசைதான். ஓசுமிக்குப் பரிசு அறிவிக்கப்படுவதற்கு ஒரு மாதம் முன்னர், 2016 செப்டெம்பரில், இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அந்தக் குளோரோகுவினும் அதன் உறவு மருந்தான ஹைட்ரொக்சி குளோரோகுவினும் கலத்தின் கரைக்கும் பைகளான இலைசோசோம்களில் அமிலத்தன்மையைக் குறைத்துத் தன்னுண்ணலை இடைநடுவே நிறுத்திவிடுபவை. அதனால்தான் உலகின் பல வைத்தியசாலைகளில், வேறு புற்றுநோய் மருந்துகளோடு சேர்த்து அவற்றைக் கொடுத்துப் பார்க்கும் பரிசோதனைகள் நடந்தன. முடிவுகள் இன்றுவரை கலவையானவையே. அதற்காக யாரும் மலேரியாக் குளிசையைத் தேடி ஓடவும் கூடாது. நாம் சுட்ட விரும்புவது ஒன்றுதான். குரல்பதிவுக்காரர்கள் தன்னுண்ணலைத் தூண்டு என்கிறார்கள். புற்றுநோய் வைத்தியர்களோ, கட்டி வந்துவிட்ட பிறகு தன்னுண்ணலை எப்படி நிறுத்துவது என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

கொட்டைப்பாக்கின் கதை இன்னும் நேரடியானது. தாய்வான் ஆராய்ச்சியாளர்கள் கொட்டைப்பாக்குச் சாற்றை வாய்ப் புற்றுநோய்க் கலங்களில் இட்டுப் பார்த்தபோது, அது அக்கலங்களில் தன்னுண்ணலைத் தூண்டுவதைக் கண்டார்கள். தன்னுண்ணலைத் தூண்டுவதெல்லாம் புற்றுநோய்க்கு மருந்து என்றால், கொட்டைப்பாக்கும் மருந்தாகியிருக்க வேண்டுமே! புகையிலை சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் பாக்குடன் கூடிய வெற்றிலைக் கூட்டு மனிதருக்குப் புற்றுநோயைத் தருவது உறுதி என்று, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004-இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. இலங்கை ஆண்களுக்கு மிக அதிகமாக வரும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோயே. காலைப் பெரட்டுக்கு முன் ஒரு வாய், தேத்தண்ணிக்குப் பின் ஒரு வாய் என்று வெற்றிலை போடும் தோட்டங்களில் அது என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதை நாம் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அந்த வாய்களுக்கு முன்னால் நின்றுகொண்டு தன்னுண்ணலை அமுதம் என்று பேசுவது எவ்வளவு பெரிய பொறுப்பின்மை!

விஞ்ஞானிகளும் பிழைவிட்டிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் பிழையை என்ன செய்தார்கள் என்று பாருங்கள். மார்பு, சூலகம், முன்னிற்கும் சுரப்பி ஆகிய உறுப்புகளின் புற்றுநோய்களில் பெக்லின் மரபணுவின் ஒரு பிரதி அடிக்கடி காணாமற்போயிருப்பதை வைத்து, மனிதரிலும் அது கட்டியைத் தடுக்கும் மரபணு என்று பல ஆண்டுகள் நம்பப்பட்டது. 2014-இல் எலீன் வைட் உள்ளிட்டோர் பெருந்தொகையான கட்டிகளின் மரபணுத் தரவுகளை மறுபடி அலசினார்கள். பெக்லின் மரபணு, மார்புப் புற்றுநோயோடு தொடர்புள்ள பிஆர்சிஏ-1 மரபணுவுக்கு அருகிலேயே இருக்கிறது. பிஆர்சிஏ-1 இருக்கும் துண்டு தொலையும்போது பக்கத்திலிருக்கும் பெக்லினும் சேர்ந்து தொலைகிறது. பெக்லின் தனித்துக் குறிவைக்கப்பட்டதற்கான தடயம் அந்தக் கட்டிகளில் கிடைக்கவில்லை. பெரும் ஆய்வுகள் கட்டப்பட்டிருந்த ஒரு கருத்தைத் துறையின் உள்ளிருந்தவர்களே ஆய்விதழில், பெயர் போட்டு, தரவோடு திருத்தினார்கள். விவாதம் இன்னும் தொடர்கிறது. பெக்லினும் பிசிஎல்-2-உம் இறுகப் பிடிக்காதபடி மாற்றப்பட்ட எலிகள் கூடுதல் காலம் நலமாக வாழ்ந்தன என்று லெவீனின் குழு 2018-இல் காட்டியது. அந்தப் புரதத்தை உலகுக்குக் காட்டிய லெவீன் 2020 ஜூனில், தம் 60-ஆவது வயதில், புற்றுநோயால் காலமானார். பெக்லினை அவரைவிட நன்கறிந்தவர் எவரும் இல்லை. இரண்டு நாள் பட்டினியில் நோய் போய்விடும் என்றால் அது முதலில் அவருக்குத் தெரிந்திருக்காதா?

பட்டினியைப் பற்றி உண்மையான பரிசோதனைகளே இல்லை என்று நாம் சொல்லவில்லை. நெதர்லாந்தில் 131 மார்புப் புற்றுநோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு 2020-இல் வெளிவந்தது. கீமோ மருந்து ஏற்றுவதற்கு முந்திய மூன்று நாட்களும் ஏற்றும் நாளும் ஒரு பகுதியினருக்கு மிகக் குறைந்த, அளந்த உணவு கொடுக்கப்பட்டது. எல்லோருக்கும் கீமோ கொடுக்கப்பட்டது என்பதை மறக்கக்கூடாது. எடை குறைந்த மெலிந்த நோயாளிகள் அதில் சேர்க்கப்படவே இல்லை. கட்டி சுருங்கியதில் சில நல்ல அறிகுறிகள் தெரிந்தன, மருந்தின் பக்கவிளைவுகள் குறைந்ததாகக் காணப்படவில்லை, உணவுக் கட்டுப்பாட்டைக் கடைசிவரை கடைப்பிடிக்கப் பலரால் முடியவும் இல்லை. சிகிச்சைக்குப் பதிலாகப் பட்டினி என்று அந்த ஆய்வில் ஒரு வரிகூடக் கிடையாது.

சிகிச்சையைக் கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. உடலின் வேறு பாகங்களுக்குப் பரவாத, குணப்படுத்தக்கூடிய புற்றுநோய் இருந்தும் மாற்று வழிகளை மட்டும் நம்பிய 281 அமெரிக்கர்களை, வழமையான சிகிச்சை பெற்றவர்களோடு யேல் பல்கலைக்கழகத்தினர் ஒப்பிட்டார்கள். 2018-இல் அச்சான அந்த ஆய்வின்படி மாற்று வழிக்குப் போனவர்களின் மரண ஆபத்து இரண்டரை மடங்கு. மார்புப் புற்றுநோயில் அது ஐந்து மடங்குக்கும் மேல்.

2024 நவம்பரில் இந்தியாவின் முன்னாள் கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்து, தம் மனைவியின் நான்காம் கட்டப் புற்றுநோய் எலுமிச்சை, மஞ்சள், வேப்பிலை, நேரம் குறுக்கிய உணவு ஆகியவற்றால் 40 நாளில் தீர்ந்ததாகச் செய்தியாளர்களிடம் சொன்னார். அவர் மனைவிக்குச் சத்திரசிகிச்சையும் கீமோவும் நடந்திருந்தன. மும்பை டாட்டா மெமோரியல் வைத்தியசாலையின் இந்நாள், முந்நாள் புற்றுநோய் வைத்தியர்கள் 262 பேர் கையொப்பமிட்டு உடனே மறுப்பு வெளியிட்டார்கள். அந்த உணவுமுறை வைத்தியர்களின் ஆலோசனையோடு, சிகிச்சைக்குத் துணையாகவே பின்பற்றப்பட்டது என்று சித்துவும் சில நாளில் விளக்கம் சொன்னார். நமது கைபேசிகளில் இன்றும் ஓடிக்கொண்டிருப்பது அவரது முதல் பேச்சு மட்டுமே. மறுப்பையும் விளக்கத்தையும் தமிழில் அதே வேகத்தோடு கொண்டுபோகும் கடமை முதல் பேச்சைப் பரப்பியவர்களுக்கு இல்லையா? நம் நாட்டிலும் 2020 டிசெம்பரில் கொரோனாவைத் தடுக்கும் என்று சொல்லப்பட்ட கேகாலைப் பாணிக்காக, அந்தத் தொற்றின் நடுவே ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்து நின்றார்கள். அன்றைய சுகாதார அமைச்சரே அந்தப் பாணியைப் பகிரங்கமாகக் குடித்துக் காட்டினார். அடுத்த மாதம் அவருக்கும் தொற்று வந்தது. அந்த அனுபவத்துக்குப் பின்னும் நம் ஊடகங்கள் பாடம் படிக்கவில்லை என்பது வெட்கக்கேடு.

இந்தப் பொய் மற்ற இடங்களைவிட ஊவாத் தோட்டங்களில் ஏன் அதிகம் கொல்லும்? எங்கள் மக்களின் உடம்பில் பட்டினிக்கு விட்டுக்கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை. 2016-இன் தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில், வயதுக்கேற்ற உயரம் இல்லாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாட்டளவில் 17 வீதம், தோட்டப்புறத்தில் 32 வீதம். அப்படி வளர்ந்தவர்கள்தான் பிறகு கொழுந்துக் கூடை சுமக்கிறார்கள். காலையில் ரொட்டி சாப்பிட்டுச் சாயத் தேத்தண்ணி குடித்துவிட்டு மலையேறும் பெண்ணுக்கு, புற்றுநோய் வந்த பிறகு தேவைப்படுவது முட்டையும் பருப்பும் பாலும். புற்றுநோயே தசையைக் கரைத்து எடையை இறக்கும். எடை இறங்கினால் கீமோவைத் தாங்கும் சக்தி குறையும். வாய்ப் புற்றுநோய்க்காரருக்கு விழுங்குவதே நரகம். அவரிடம் போய்ச் சாப்பிடாதே என்று சொல்வதற்கு மனம் எப்படி வருகிறது?

சஷ்டி விரதமோ ரமழான் நோன்போ தவக்காலமோ இங்கே பேச்சல்ல. நம்பிக்கையோடு இருக்கும் விரதத்தை நாம் மதிக்கிறோம். அதை மருந்தென்று விற்பவர்களைத்தான் கண்டிக்கிறோம்.

நம்புகிறவர்களைக் குறைசொல்லவும் நாம் தயாரில்லை. கிளினிக் நாளில் வேலைக்குப் போகாவிட்டால் பேர் இல்லை, பேர் இல்லாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. தோட்டத்திலிருந்து பண்டாரவளைக்கு ஒரு பஸ், அங்கிருந்து பதுளைக்கு இன்னொரு பஸ். மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் இருநூறு கிலோமீற்றர் அளவுக்குப் பயணம், துணைக்கு ஓர் ஆள், அந்த ஆளின் சம்பள இழப்பு, தங்க இடம். அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம், போய்ச் சேருவது இலவசமல்ல. போய்ச் சேர்ந்தாலும் நோயைப் பற்றி எழுதியிருப்பது ஆங்கிலத்தில், வாய்மொழியாகச் சொல்வது பெரும்பாலும் சிங்களத்தில். பட்டினிக்கு பஸ் காசு வேண்டாம், லீவு வேண்டாம், மொழிபெயர்க்க ஆள் வேண்டாம். தமிழிலேயே, அன்பான குரலில், கைபேசியில் கிடைத்துவிடுகிறது. இந்த வெற்றிடத்தை விட்டுவைத்தவர்களும் இந்தக் கண்டனத்துக்குத் தப்ப முடியாது.

பத்திரிகை ஆசிரியர்களே, உங்கள் ஆரோக்கியப் பக்கத்தில் வந்த கட்டுரைக்கு நீங்களே பொறுப்பு. குறிப்பிடத்தக்க பிழையை உடனடியாகவும் உரிய முக்கியத்துவத்தோடும் திருத்த வேண்டும் என்று பத்திராதிபர் சங்கத்தின் ஒழுக்கக்கோவையே கூறுகிறது. எட்டாம் பக்கத்து மூலையில் நான்கு வரி போடுவதைத் திருத்தம் என்று நாம் ஏற்கமாட்டோம். தவறினால் பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழுவுக்கு எழுதும்படி வாசகர்களை வெளிப்படையாகவே கேட்டுக்கொள்வோம். காணொளிகளில் பேசுபவர்கள் அவற்றை நீக்கிவிட்டுச் சும்மா இருந்துவிடக் கூடாது. நீக்கியதையும் நீக்கிய காரணத்தையும் அதே அலைவரிசையில், அதே முகத்தோடு வந்து சொல்ல வேண்டும். தன்னுண்ணலின் பெயரால் சூரணமும் மாவும் விற்கும் வியாபாரிகள் விஷயத்தில் மன்னிப்புக் கேட்பது போதாது. வாடிக்கையாளரை ஏமாற்றும் வியாபார நடத்தையை 2003-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்க நுகர்வோர் அதிகார சபைச் சட்டம் தடைசெய்திருக்கிறது. அந்தச் சட்டம் பதுளை மாவட்டத்துக்கும் பொருந்தும் என்பதை அதிகாரிகள் காட்ட வேண்டும்.

சுகாதார அமைச்சும் ஊவா மாகாண சுகாதாரத் திணைக்களமும் இதுவரை மௌனமாக இருந்தது போதும். பண்டாரவளை உட்பட இம்மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டவை. புற்றுநோய் பற்றிய உத்தியோகபூர்வ மறுப்பு, தேசிய புற்றுநோய்க் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் பெயரோடு, தோட்டத் தமிழருக்கு விளங்கும் தமிழில், ஒவ்வொரு தோட்ட மருந்தகத்திலும் புள்ளைக்காம்பராவிலும் ஒட்டப்பட வேண்டும். குரல்பதிவாகவும் வர வேண்டும், ஏனென்றால் பொய் வந்த வழி அது. தோட்டக் கம்பனிகளிடம் நாம் கேட்பது, வைத்தியர் எழுதிக் கொடுத்த புற்றுநோய்க் கிளினிக் நாளுக்குப் பேர் போட வேண்டும் என்பதை. சம்பளத்தையும் சிகிச்சையையும் ஒரு தொழிலாளியின் முன்னால் வைத்து ஒன்றை எடுத்துக்கொள் என்று சொல்லும் நிலை இனியும் தொடரக்கூடாது.

வாயில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ படை, மூன்று வாரமாகியும் ஆறாத புண், வாய் திறப்பது சுருங்கி வருதல், மார்பில் புதிதாகத் தென்படும் கட்டி. இவற்றில் எது இருந்தாலும் தோட்ட வைத்திய உதவியாளரிடமோ, தியத்தலாவை அல்லது பதுளை வைத்தியசாலையிலோ இந்த வாரமே காட்டுங்கள். காட்டப் போகும் நாளில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டே போங்கள்.